ஏரிக்கு எத்தனை அடி ஆழம்? பழவேற்காடு: அன்றும் இன்றும்

பழவேற்காடு ஏரியின் பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர். 450 என்றும் சொல்வார்கள். 759 என்று எழுதியிருக்கும் நூல்களும் உண்டு. மூன்றில் எதையும் தவறென்று தள்ள முடியாது. கடலின் வற்றத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் முதல் எண் வரும். ஏற்றத்தில் எடுத்தால் இரண்டாவது. சுற்றியுள்ள சேற்றுவெளி, உப்புத்தரை, சதுப்பு எல்லாவற்றையும் ஏரி என்றே கொண்டால் மூன்றாவது. அளவுகோலைக் கையில் எடுப்பதற்கு முன்பே, எதுவரை ஏரி என்று ஒருவர் முடிவு செய்துவிடுகிறார். பரப்பளவு என்று நாம் படிப்பதில் பாதி அந்த முடிவுதான்.

பொன்னேரியிலிருந்து வடகிழக்கே போகும் சாலை இந்த ஏரியின் தென்முனையில் முடிகிறது. அங்கிருந்து வடக்கே ஆந்திரத்துக்குள் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் நீளத்துக்கு உப்பும் நன்னீரும் கலந்த நீர்வெளி. தெற்கே ஆரணியாறு, இடையில் காளங்கி, வடக்கே சொர்ணமுகி வந்து சேர்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா மணல்திட்டு கடலை மறித்து நிற்கிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். தரையோ மிகவும் சமதளம். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டும் சரியும் கரையை எண்ணிப் பாருங்கள்: ஒரு சாண் தண்ணீர் ஏறினால் கரை இருநூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துபோகும். காலையில் வந்தவர் வரைந்த கரையும் மாலையில் வந்தவர் வரைந்த கரையும் ஒன்றாக இருக்காது. நிலத்தையும் நீரையும் களத்தில் நின்று மதிப்பிடுகிற எவரையும் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

அன்றைய அளவுகோல் கழி. இந்த ஏரியில் படகைத் துடுப்பால் தள்ளுவதைவிடக் கழி ஊன்றித் தள்ளுவதே பல இடங்களில் எளிது. ஊன்றும் ஒவ்வொரு முறையும் ஆழம் கைக்குத் தெரியும். அடியில் மணலா, சேறா, கிளிஞ்சலா என்பதும் தெரியும். மணலில் கழி வழுக்காமல் நிற்கும், சேற்றில் இறங்கிவிட்டு எடுக்க வராது, கிளிஞ்சல் படுகையில் நெறுநெறுவென்று உரசும். 1600களின் தொடக்கத்தில் இங்கே வந்து கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் காலத்து மாலுமிகளும் இதையே வேறு கருவியால் செய்தார்கள். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். கயிறு ஆழத்தைச் சொல்லும். கொழுப்பில் ஒட்டி வரும் மண் தரையைச் சொல்லும்.

கழியைவிட நுட்பமான அளவுகோல் ஒன்றும் அன்று உண்டு, இன்றும் இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வாயில் பறியைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தரையைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள். ஏரியின் அடித்தரையை உள்ளங்கையால் படித்தவர்கள் அவர்கள். எந்த மழைக்குப் பிறகு எந்த இடத்தில் புதுச்சேறு படிந்தது என்பதை அவர்களைப்போல் யாரும் சொல்ல முடியாது. ஏரியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அவர்களின் சொல் மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. இது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

ஆனால் உடம்பே அளவுகோலாகும்போது ஒரு சிக்கல் கூடவே வரும். கோட்டைக்குப்பத்திலோ லைட்ஹவுஸ் குப்பத்திலோ வயதானவர்களிடம் கேட்டால், முன்பு கழுத்தளவு நின்ற இடத்தில் இப்போது இடுப்பளவுகூட இல்லை என்பார்கள். அதில் உண்மை நிறைய இருக்கிறது. ஆறுகள் மண்ணைக் கொண்டுவருகின்றன, முகத்துவாரம் மணலால் அடைபடுகிறது, ஏரி தூர்ந்துவருவதைப் பல ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் கழுத்து தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே ஒரு மீட்டர், வளர்ந்த ஆளுக்கு இடுப்பு. தரை ஒரு அங்குலம்கூட உயராமல் இருந்தாலும், சிறுவயதில் கழுத்தளவாக இருந்த ஏரி நடுவயதில் இடுப்பளவாகிவிடும். நினைவு பொய் சொல்லவில்லை; அளவுகோல் வளர்ந்துவிட்டது.

இளைஞர்களிடம் இதற்கு நேர்மாறான சாய்வு இருக்கும். அவர்கள் பார்க்கத் தொடங்கியபோது ஏரி எப்படி இருந்ததோ, அதுவே அவர்களுக்கு இயல்பு. மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995-இல் இதைப் பற்றி எழுதினார்: ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தன் பணி தொடங்கிய காலத்து மீன் இருப்பையே தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறார், அதனால் நீண்டகால இழப்பு யார் கண்ணிலும் முழுதாகப் படுவதில்லை. முதியவரின் நினைவு மாற்றத்தைக் கூட்டிக் காட்டும், இளைஞரின் நினைவு குறைத்துக் காட்டும். இருவரையும் கேட்கலாம், கேட்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்று கேட்பதைவிட, எந்தப் படகு, எவ்வளவு சுமையோடு, எந்த மாதத்தில் தரை தட்டாமல் அந்த வழியே போனது என்று கேட்பது மேல். பக்கிங்காம் கால்வாய் வழியே சென்னைக்குச் சரக்குப் படகுகள் போய்வந்த காலத்தை அறிந்தவர்கள் இருக்கும்வரை இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். படகின் அடிப்பாகம் வயதோடு வளர்வதில்லை.

படித்த நிபுணருக்கு இந்தச் சாய்வு இருக்காது என்று நினைப்பவர்கள் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கே உள்ள அத்திரம்பாக்கத்துக்குப் போய்வர வேண்டும். கொசஸ்தலையாற்றின் கிளையோடை ஒன்றின் கரையில் 1863 செப்டம்பரில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். இந்தியத் தொல்வரலாற்றின் தொடக்கங்களில் ஒன்று அது. அந்த இடத்தில் மேலடுக்குகளுக்குக் கீழே தகடுதகடாகப் படிந்த ஒரு களிமண் அடுக்கு இருக்கிறது. பார்வைக்கு அது அந்த வட்டாரத்தில் வேறிடங்களில் வெளித்தெரியும் கிரெட்டேசியஸ் காலக் களிப்பாறையை ஒத்திருந்தது. அந்தப் பாறை பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. டைனோசர் காலத்துப் பாறைக்குள் மனிதன் செய்த கருவி இருக்க முடியுமா? முடியாது. ஆகவே அந்த அடுக்கு தெரிந்ததும் அதுவே அடித்தளம் என்று கொள்ளப்பட்டது. கருவிகள் அதன் மேல்தான் கிடக்கின்றன என்ற கருத்து நெடுங்காலம் நிலைத்தது.

1999 முதல் சாந்தி பப்புவும் அவர் குழுவும் அங்கே அகழாய்வு செய்தார்கள். அந்தக் களிமண்ணுக்குள்ளும் தோண்டினார்கள். உள்ளே கைக்கோடரிகள் இருந்தன. அது டைனோசர் காலத்துப் பாறையே இல்லை, மனிதன் வாழ்ந்த காலத்தில் வெள்ளம் படியவைத்த களிமண். விண்வெளிக் கதிர்கள் குவார்ட்ஸ் கல்லில் உண்டாக்கும் பெரிலியம், அலுமினியம் ஐசோடோப்புகளை அளந்து, அந்தக் கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். கருவி கிடைக்காததால் யாரும் தோண்டுவதை நிறுத்தவில்லை. கிடைக்காது என்று தெரிந்ததாக நினைத்ததால் நிறுத்தினார்கள். எனக்குத் தெரிந்தவரை, களமதிப்பீட்டில் முன்முடிவு செய்யும் சேதத்துக்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. இடையில் 1930களில் டி டெர்ரா, பேட்டர்சன் என்ற ஆய்வாளர்கள் வந்து, காஷ்மீரின் பனிக்காலக் கட்டங்களை மனத்தில் வைத்துக்கொண்டு, பனியாறே பார்த்திராத இந்த ஆற்றின் மேட்டுத்தட்டுகளையும் அதே வரிசையோடு பொருத்திப் பார்த்தார்கள். கொண்டுவந்த படத்துக்குத்தான் நிலம் பொருந்த வேண்டியிருந்தது.

இதை முன்னவர்களின் குறையாகப் பார்ப்பது சரியல்ல. கையில் இருந்த அறிவுக்கு அவர்கள் மதிப்பீடு நியாயமானது. பிரச்சினை மனித மனத்தின் இயல்பில் இருக்கிறது. அது இன்றைய நிபுணரிடமும் அப்படியே உள்ளது. பிரிட்டன் நிலவியலாளர் கிளேர் பாண்டும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். விடை முன்கூட்டியே தெரிந்த, செயற்கையாக உருவாக்கிய நிலஅதிர்வுப் படம் ஒன்றை 412 புவியியல் வல்லுநர்களிடம் கொடுத்து விளக்கம் கேட்டார்கள். அடிப்படை அமைப்பைச் சரியாகச் சொன்னவர்கள் 21 விழுக்காடு. ஒரே படம், ஐந்தில் நாலு பேருக்கு வேறு நிலம் தெரிந்தது. அவரவர் பழகிய நில அமைப்பையே அந்தப் படத்திலும் கண்டவர்கள் பலர். இதற்கு மருந்தும் நிலவியலுக்குள்ளேயே பழையது: அமெரிக்க நிலவியலாளர் டி. சி. சேம்பர்லின் 1890-இலேயே சொன்னார், ஒரே கருதுகோளோடு களத்துக்குப் போகாதே, பலவற்றை ஒருசேர வைத்துக்கொண்டு போ. ஒன்றின் மேல் மட்டும் பாசம் வளர விடாதே என்று.

இன்று பழவேற்காட்டை அளப்பது பெரும்பாலும் வானிலிருந்து. ஏரியின் கிழக்குக் கரையான ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 1969-இல் இடம் தேர்ந்து, 1971-இல் முதல் ராக்கெட் ஏவினார்கள். 2003-இல் அங்கிருந்து புறப்பட்ட ரிசோர்ஸ்சாட்-1 போன்ற செயற்கைக்கோள்கள் திரும்பிப் பார்த்து இந்த ஏரியையும் படமெடுத்தன. அதன் லிஸ்-3 கேமராவின் ஒரு புள்ளி தரையில் 23.5 மீட்டர் சதுரம். ஏரியின் ஓரத்தில் அந்தச் சதுரத்துக்குள் பாதி தண்ணீர், கால்வாசி ஈரச்சேறு, மிச்சம் பாசி படர்ந்த தரை இருக்கும். அந்தப் புள்ளியை நீர் என்று எழுதுவதா, நிலம் என்று எழுதுவதா? கணினிதான் எழுதும். ஆனால் எந்த அளவு ஒளியிலிருந்து நீர் என்று கொள்ள வேண்டும் என்பதைக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மனிதர். கரையோரப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் உள்ள இந்த ஏரியில் அந்தச் சொல் பல சதுர கிலோமீட்டரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். 2011-இல் வெளியான தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு, மழைக்கு முந்திய பரப்பையும் பிந்திய பரப்பையும் தனித்தனியாகக் கொடுத்தது. அது நல்ல வழக்கம். ஆனால் அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர் இரண்டில் தமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

கடல் பக்கம் பார்த்தால் கதை இன்னும் சுவையானது. அலை உயரம் இத்தனை மீட்டர் என்று ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்கு எச்சரிக்கை தருகிறது. முழுக்க முழுக்கக் கருவியின் கணக்கு என்று தோன்றும். அந்த எண்ணின் பிறப்பு வேறு. இரண்டாம் உலகப் போரின்போது கடலியலாளர்கள் ஸ்வெர்ட்ரப்பும் வால்டர் மங்க்கும், பழகிய மாலுமி ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் அலை உயரத்துக்கு இணையான கணக்கு ஒன்றை வகுத்தார்கள். மனிதக் கண் சிறு அலைகளை விட்டுவிட்டுப் பெரியவற்றையே கவனிக்கும். அதனால் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியை எடுத்தார்கள். கண்ணின் சாய்வு ஒளிவுமறைவில்லாமல் வரையறைக்குள் வைக்கப்பட்டது. எல்லோரும் ஒரே சாய்வோடு அளப்பதால் அந்த எண் உலகெங்கும் பயன்படுகிறது. சாய்வு தெரிந்திருந்தால் அதனோடு வேலை செய்யலாம் என்பதற்கு இதைவிட நம்பிக்கையான சான்று வேண்டாம்.

முகத்துவாரத்தில் இந்தத் தெளிவு இன்னும் வரவில்லை. ஏரிக்கு உயிர் அதுதான். கடல்நீர் உள்ளே வருவதும் இறால் குஞ்சுகள் வந்து வளர்வதும் அதன் வழியே. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று வெள்ளம் அதை அகலத் திறக்கும். கோடையில் மணல் சேர்ந்து குறுகும், சில ஆண்டுகளில் அடைபடும். அன்று ஊரார் கூடித் தோண்டித் திறப்பார்கள். பிறகு எந்திரம் வந்தது. அதன்பின் இருபுறமும் கல் சுவர் எழுப்பி நிலையாகத் திறந்து வைக்கும் திட்டம் வந்தது, சுமார் 27 கோடி ரூபாயில்.

இந்தக் கரையில் மணல் எந்தப் பக்கம் நகர்கிறது? ஆண்டு முழுதும் கூட்டிக் கழித்தால் வடக்கே. சென்னைத் துறைமுகம் அதற்கு வலிமிகுந்த சான்று: 1870களில் சுவர் எழுப்பத் தொடங்கியபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை அரித்தது. ஆனால் ஆண்டு முழுதும் அது வடக்கே நகர்வதில்லை. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே, வாடை வீசும் மாதங்களில் தெற்கே. வெளியூரிலிருந்து களப்பயணம் வருபவர்களுக்கு இதமான மாதம் எது? டிசம்பர், ஜனவரி, பூநாரைகளும் வந்திருக்கும், வெயிலும் இருக்காது. அந்த மாதங்களில் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர், மணல் எதிர்த்திசையில் ஓடும் சில வாரங்களை ஆண்டு முழுமைக்கும் விரித்துவிடக்கூடும். கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. வசதியான நாளில் வந்தது போதும்.

சம்பளமும் சேர்ந்தால் சாய்வு இறுகும். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கான பொதுக் கருத்துக்கேட்பு 2021-இலும் 2023-இலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. குப்பங்களில் அச்சம் அப்படியே இருக்கிறது. இந்தத் திட்டம் என்றில்லை, நாடெங்கும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கான ஆலோசகரை அமர்த்திக் கட்டணம் கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவர்தான். கரை எவ்வளவு அரிக்கும் என்று மதிப்பிடுபவரின் அடுத்த வேலையும் அதே போன்ற ஒருவரிடமிருந்தே வர வேண்டும். நேர்மையானவர்தான் எழுதுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு நியாயமான எண்களுக்கு நடுவே தயங்கும்போது அவர் பேனா எந்தப் பக்கம் சாயும்? எதிர்க்கும் ஊர்க்காரரின் மதிப்பீடும் அச்சத்தால் கூடியிருக்கலாம். ஆனால் அவருக்கு அதை எழுத யாரும் பணம் தருவதில்லை, கரை போனால் போவது அவர் வீடு.

பழவேற்காட்டுக் குப்பங்கள் இந்தப் பிரச்சினையை வெகுகாலம் முன்பே வேறு உருவில் சந்தித்துத் தீர்த்திருக்கின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பாடு முறையைச் சொல்கிறேன். ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடங்கள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. முகத்துவாரத்துக்கு அருகே நீரோட்டமுள்ள இடம் நல்ல இடம். தள்ளிப்போகப் போகக் குறையும். எது நல்ல இடம், யாருக்கு அது சேர வேண்டும் என்று அவரவர் மதிப்பிட்டால் ஒவ்வொருவர் மதிப்பீடும் தன் வலைப் பக்கமே சாயும். அதனால் சீட்டுப் போட்டு முறை வகுத்தார்கள். இன்று நல்ல இடத்தில் கட்டியவர் நாளை அடுத்த இடத்துக்கு நகர்வார். மதிப்பிடுபவரையும் பலன் பெறுபவரையும் பிரித்துவைத்த ஏற்பாடு இது. 1991-இல் செபாஸ்டியன் மேத்யூ ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக இதை ஆராய்ந்து எழுதினார். குறை இல்லாததும் அன்று: பாடு உரிமை குறிப்பிட்ட சமூகத்து ஆண்களுக்கே; கையால் இறால் தடவும் பெண்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. ஆனாலும் மனிதத் தீர்ப்பு சாயும் என்பதை யாரையும் குற்றம் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, அதைச் சுற்றி ஒரு விதியைக் கட்டியிருக்கிறார்கள். ராக்கெட்டும் சோனாரும் வைத்திருக்கும் நாம் அந்த விதியைக் கட்டவில்லை.

கட்ட முடியும். தகுதியுள்ள நிறுவனங்களின் பட்டியலிலிருந்து தாக்க மதிப்பீட்டாளரைச் சீட்டில் தேர்ந்து, கட்டணத்தைப் பொது நிதியத்தின் வழியே கொடுக்கலாம். ஒரே கரையை இரண்டு குழுக்கள், ஒன்றின் எண் மற்றொன்றுக்குத் தெரியாமல் மதிப்பிடலாம். இந்த மறைப்பு முக்கியம். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974-இல் காட்டியதை நினைவுகொள்ள வேண்டும்: ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகளின் பங்கு என்ன என்று கேட்பதற்கு முன் ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். 10 விழப் பார்த்தவர்கள் இடைநிலையாக 25 விழுக்காடு என்றும், 65 விழப் பார்த்தவர்கள் 45 என்றும் சொன்னார்கள். சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. கூட்டத்தில் முதலில் பேசும் பொறியாளரின் எண் அந்தச் சக்கரத்தைவிட எவ்வளவு வலுவாக மற்றவர்களை இழுக்கும்!

இதற்கெல்லாம் காத்திராமல் உடனே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. முகத்துவாரத்துக்குத் தெற்கேயும் வடக்கேயும், ஏரிக்குள் ஆரணியாறு சேரும் இடத்திலும் அளவுக் கம்பங்களை நட்டு, லைட்ஹவுஸ் குப்பத்திலும் கோட்டைக்குப்பத்திலும் இருளர் குடியிருப்பிலும் ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி நாள்தோறும் குறிக்கச் சொல்லலாம். அந்த ஏட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் நாலு கட்டங்கள் வேண்டும்: அமாவாசையா பௌர்ணமியா எத்தனையாம் பிறை, ஏற்றமா வற்றமா, காற்று வாடையா கச்சானா, அளந்தவர் யார். ஒரு முழு ஆண்டாவது, இரண்டு பருவமழையையும் தாண்டி அது ஓட வேண்டும். தென்மேற்குப் பருவத்தின் நடுவில், அலை முழங்கும் நாட்களில், வெளியூர் ஆய்வாளர் யாரும் வராத வாரங்களின் எண்கள்தான் அதில் மிக விலையுயர்ந்தவை. கல் விழுவதற்கு முந்திய கரையின் பதிவை, கல் விழுந்த பிறகு எந்தச் செயற்கைக்கோளாலும் தரையில் நின்று எடுத்துத் தர முடியாது.